அப்போஸ்டில் முத்திரையும் அதற்கு முன்னுள்ள வாசல்களும்

ஒரு நாட்டு அரசின் ஆவணம் இன்னொரு நாட்டில் ஏற்கப்பட வேண்டுமெனில், அதற்குச் சான்றொப்பம் வேண்டும். இந்த நடைமுறையை எளிதாக்க 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை உருவானது. இந்தியாவில் அது 2005 ஜூலை 14 முதல் நடப்பில் உள்ளது. வெளியுறவு அமைச்சகத்தின் 'அப்போஸ்டில்' வில்லை இருந்தால், உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் தூதரக ஒப்பம் தேவையில்லை. சவூதி அரேபியாவில் இது 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. இதில் சேராத அமீரகம், கத்தார், குவைத் ஆகிய நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும்.

அப்போஸ்டில் கட்டணம் ஆவணம் ஒன்றுக்கு 50 ரூபாய். முகமைகளின் சேவைக் கட்டணம் தனி. தொகை எல்லோருக்கும் ஒன்றே என்பதால் வாய்ப்பும் ஒன்றே என்று தோன்றும். ஆனால் சாதி குறுக்கே நிற்பது அந்த வில்லைக்கு முந்தைய படிகளில்.

கையொப்பம் உண்மையா, ஒப்பமிட்டவர் எந்தப் பதவியில் இருந்தார், முத்திரை யாருடையது என்பவற்றை மட்டுமே அப்போஸ்டில் உறுதிசெய்கிறது. எழுதப்பட்டுள்ள செய்தி சரியா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே பிழையான பெயர் பிழையாகவே சான்றொப்பம் பெற்று, கடல் கடந்தபின் மறுக்கப்படும். அந்தப் பெயரை முதலில் எழுதியவர் யார்? வீட்டில் பிறந்து, பிறப்புப் பதிவு இல்லாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உத்தேசமாக ஒரு தேதியை எழுதினார். தந்தை பெயரைத் தாம் கேட்டபடி பதிந்தார். படித்த குடும்பம் அன்றே திருத்திக்கொண்டது. கைநாட்டு வைத்த பெற்றோருக்கு என்ன எழுதப்பட்டது என்பதே தெரியாது.

அடுத்த தடை கல்லூரி. மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை தாமதமானால், கட்டண பாக்கியைக் காட்டி அசல் சான்றிதழ்களை நிறுத்திவைக்கும் வழக்கம் உள்ளது. அசல்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்த பின்னும் இத்தகைய முறையீடுகள் ஓயவில்லை. தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. அவ்வளவு அரிதாகக் கிடைக்கும் இடம், அசல் சான்றிதழ் கைக்கு வராமல் நழுவலாம். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை நாள் நம் கல்லூரி அலுவலகத்துக்காகக் காத்திருக்காது.

மூன்றாவது, மரணத்துக்குப் பின் வருவது. வளைகுடாவில் தொழிலாளி இறந்தால் நிலுவை ஊதியத்தையும் இழப்பீட்டையும் பெறக் குடும்பத்தினர் வாரிசுச் சான்றிதழும் பொது அதிகார ஆவணமும் அனுப்ப வேண்டியுள்ளது. வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவார். அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். திருமணம் பதிவாகாத பெண், தாம் மனைவி என்பதை அங்கே நிறுவ வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் வழக்கு நடக்கும் கிராமத்தில் 'விசாரணை' என்ற சொல்லின் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த அறிக்கை கிடப்பில் இருக்கும்வரை 50 ரூபாய் வில்லைக்கு வேலையே இல்லை. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள்.

எனவே நாங்கள் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். மாநில அரசின் சான்றொப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலேயே கிடைக்க வேண்டும். இறந்த தொழிலாளியின் வாரிசுகளிடமும் உதவித்தொகை மாணவர்களிடமும் எந்தக் கட்டணமும் பெறக் கூடாது. வாரிசு விசாரணை அறிக்கைக்குக் காலவரம்பு வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அசல்களை முடக்கும் கல்லூரிகள் மீது மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர் நடவடிக்கை எடுக்க அதிகாரம் வேண்டும். 2017இல் தொடங்கிய 'இ-சனத்' இணையவழிச் சேவை உதவும்தான். ஆனால் ஆவணம் வழங்கிய நிறுவனம் தன் பதிவுகளை அதில் சேர்த்திருந்தால் மட்டுமே.

அதுவரை நம் மக்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வெழுதும் முன்பே, பள்ளிப் பதிவேடு, ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் அருகருகே வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் திருத்தக் கோரி எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பதிவுகள் தவறில்லாமல் இருக்க வேண்டியது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.