இவ்ளோ தூரம் வந்துட்டு...

வர்ற ஜனவரி, மார்ட்டின் லூதர் கிங் லீவுக்கு பிஷப் போறதா அஞ்சு பேர் முடிவு பண்ணியிருக்கோம். (சர்ச்சுல இருக்கிற பிஷப் இல்லீங்க. ஊர் பேரே பிஷப்தான்.) கலிஃபோர்னியாவோட கிழக்கு ஓரத்துல, ஒரு பக்கம் சியர்ரா நெவாடா, இன்னொரு பக்கம் ஒயிட் மவுண்டன்ஸ், நடுவுல ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. அதுல சுமார் 4,150 அடி உயரத்துல இருக்கிற குட்டி ஊர். ஜனத்தொகை நாலாயிரத்தைத் தாண்டாது. 395-ம் நம்பர் நெடுஞ்சாலைதான் ஊரோட மெயின் ஸ்ட்ரீட். குளிர்காலத்துல அங்க போய் நின்னீங்கன்னா, முதுகுல டபுள் பெட் சைஸுக்கு மெத்தையைக் கட்டிக்கிட்டு ஒரு கூட்டம் காஃபிக்கு வரிசையில நிக்கும். போல்டரிங் கோஷ்டி. கயிறு கிடையாது, கொக்கி கிடையாது. பாறை, ஷூ, கைக்கு சாக்பீஸ் பொடி, விழுந்தா கீழ அந்த மெத்தை. அவ்வளவுதான்.

நானும் அந்தக் கோஷ்டியில கடைசி வரிசை உறுப்பினர். பொட்டி தட்டிட்டு, சாயங்காலம் ஜிம்முல பிளாஸ்டிக் பிடியைப் பிடிச்சு ரெண்டு வருஷமா தொங்கிக்கிட்டு இருக்கேன்.

நம்ம மக்கள் ஒரு ட்ரிப் போடணும்னா மொதல்ல எக்ஸெல் திறப்பாங்க. இந்த தடவையும் வந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பறது, சனிக்கிழமை பட்டர்மில்க்ஸ், ஞாயித்துக்கிழமை ஹாப்பி போல்டர்ஸ், திங்கக்கிழமை திரும்பறது. ஏற வேண்டிய பாறைகள் மட்டும் 14. ஒவ்வொண்ணுக்கும் கிரேடு, வீடியோ லிங்க், யார் மொதல்ல ஏறணும்னு ஒரு காலம். பெட்ரோல் கணக்கு, ரூம் வாடகை, யார் சாம்பார் பொடி கொண்டு வரணும் எல்லாம் இருக்கு. விழுந்தா என்ன பண்றதுன்னு மட்டும் ஒரு வரி இல்லை. ஏறாம திரும்பி வர்றதுக்கும் ஒரு காலம் இல்லை.

இதைப் பத்திதான் இந்தப் பதிவு. இனி கொஞ்சம் கொசுவத்தி.

போன வருஷம் பிப்ரவரியில நானும் என் ரூம்மேட்டா இருந்தவனும் ரெண்டே பேரா இதே ஊருக்குப் போனோம். வெள்ளிக்கிழமை ஆணி எல்லாம் புடுங்கி முடிச்சு சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை எடுத்தோம். சான் ஹோசே பக்கத்துல இருந்து பிஷப் மேப்புல பார்த்தா பக்கம் மாதிரிதான் தெரியும். யோசெமிட்டி வழியா டையோகா கணவாயைத் தாண்டினா முந்நூறு மைல் சொச்சம். ஆனா அந்தக் கணவாய் 9,943 அடி. நவம்பர் வாக்குல பனி விழுந்ததும் மூடினா, பெரும்பாலும் மே கடைசி, ஜூன்லதான் திறப்பாங்க. பனி அதிகமா விழுந்த 2023-ல ஜூலை 22-ந் தேதிதான் திறந்துச்சு. ஆக குளிர்காலத்துல மலையைச் சுத்தித்தான் போகணும். வடக்கால லேக் டாஹோ பக்கம் போய் 395-ஐப் பிடிக்கலாம், அங்க பனி வந்தா டயருக்குச் செயின் போடச் சொல்லுவாங்க. இல்லேன்னா தெக்கால பேக்கர்ஸ்ஃபீல்டு, டெஹாச்சப்பி, மோஹாவி வழியா 450 மைலுக்கு மேல ஓட்டணும்.

"அப்போ கோடையில போக வேண்டியதுதானே"ன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. கோடையில ரோடு திறந்திருக்கும், பாறை திறந்திருக்காது! ஜூலையில அந்தப் பள்ளத்தாக்குல பகல் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி நிக்கும். விரல் வேர்த்தா பிடி நழுவும், ஷூ ரப்பரும் சூட்டுல இளகிடும். குளிர்ல காய்ஞ்ச கையும் காய்ஞ்ச பாறையும் ஒட்டிக்கிட்ட மாதிரி நிக்கும். அதனால அங்க சீசனே அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான். அதாவது ஊருக்குப் போற குறுக்கு வழி மூடியிருக்கிற மாசங்கள்தான் பாறை ஏற நல்ல மாசங்கள். பே ஏரியாக்காரனுக்கு இயற்கை வெச்ச உள்குத்து இது.

எட்டரை மணி நேரம் ஓட்டி, ராத்திரி ரெண்டரை மணிக்குப் போய்ப் படுத்து, காலையில எட்டு மணிக்கு பட்டர்மில்க்ஸ் போயிட்டோம். மண் ரோடு, துணி துவைக்கிற பலகை மாதிரி வரி வரியா இருக்கும், வண்டி பல் கிட்டுற மாதிரி ஆடும். ஆனா போய் இறங்கினதும் வாயடைச்சுப் போயிடும். 6,000 அடிக்கு மேல இருக்கிற சரிவுல, பின்னாடி பனி மூடின சியர்ரா, முன்னாடி யாரோ பெரிய கோலிக்குண்டுகளை உருட்டி விட்ட மாதிரி பாறைகள். க்ராண்ட்மா பீபாடி, க்ராண்ட்பா பீபாடின்னு பாட்டி, தாத்தா பேர்ல ரெண்டு பாறை இருக்கு. தாத்தா நாலு மாடி உசரம்.

மதியம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. மூணு மணிக்கு மேல விரல் தோல் கிழிஞ்சிருச்சு (குவார்ட்ஸ் மான்சோனைட்னு ஒரு கல், உப்புத்தாள்ல கை வெச்ச மாதிரி இருக்கும்). மேற்குப் பக்கம் மலை சுவர் மாதிரி நிக்கிறதால குளிர்காலத்துல சூரியன் சீக்கிரம் மறைஞ்சிடும், நிழல் விழுந்ததும் குளிர் சட்டுனு ஏறும். நண்பன் "போதும்டா, கை நடுங்குது, நாளைக்குப் பார்க்கலாம்"னான்.

நான்தான் சொன்னேன். "இவ்ளோ தூரம் வந்துட்டு ஒரே ஒரு தடவை ட்ரை பண்ணாம போறதாடா?"

பாறை ஒண்ணும் பெரிசு இல்லை. பன்னெண்டு அடி இருக்கும். பாதிக்கு மேல போய் வலது கால் வழுக்கிச்சு. எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு மெத்தை. அவன் விழுந்தது அதோட ஓரத்துல. பாதி கால் மெத்தையில, பாதி கால் தரையில. கணுக்கால் உடைஞ்சிடுச்சு. சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

அந்த வரி வரி மண் ரோட்டுல, உடைஞ்ச காலோட ஒருத்தனைப் பின் ஸீட்டுல படுக்க வெச்சு ஓட்டிக்கிட்டு வந்த இருபது நிமிஷத்தை நான் விவரிக்கப் போறதில்லை. ஊர்ல மருத்துவமனை இருந்தது, நல்லாப் பார்த்துக்கிட்டாங்க. அடுத்த நாள் எட்டரை மணி நேரமும் நான் ஒருத்தனே ஓட்டினேன். அவன் ஒரு வார்த்தை குறை சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது. இன்ஷூரன்ஸ், பில் கதையெல்லாம் தனிப் பதிவு போடலாம், இப்ப வேண்டாம். ஊர்ல இருந்து அவங்க அம்மா ஃபோன் பண்ணி "நீ கூட இருந்தியேப்பா, அதுவே நிம்மதி"ன்னாங்க. நான் "ஆமாம்மா"ன்னு மட்டும் சொன்னேன்.

அன்னைக்கு எங்களை ஏத்தி விட்டது தைரியம் இல்லை, தூரம். எட்டரை மணி நேரம் ஓட்டிட்டு வந்துட்டோமேங்கிற கணக்கு. நம்ம கோஷ்டியோட எக்ஸெல் ப்ளான் ஒவ்வொண்ணும் அந்தக் கணக்கைத்தான் பெருக்குது. ரெண்டு நாள்ல 14 பாறைன்னு எழுதினா, பதினாலாவதுக்கு முன்னாடி சோர்ந்து போறவன் ப்ளானைக் கெடுத்தவன் ஆயிடுறான். "போதும்"னு சொல்ல அவனுக்கு வாய் வராது.

ஜிம் கிரேடை நம்பிப் போறதும் இதுல சேர்த்தி. ஜிம்முல விழுந்தா சுவரோட சுவரா விரிச்ச மெத்தை. மேல ஏறிட்டா இறங்க வழியும் செஞ்சு வெச்சிருப்பாங்க. வெளிய பாறையில மேல ஏறினப்புறம் பின்பக்கமா நீங்களே இறங்கணும், சில பாறைகள்ல ஏறறதை விட இறங்கறதுதான் கஷ்டம். ஜிம்முல வி4 ஏறறவனை பிஷப்ல வி2 அழ வைக்கும். பெரிய ஆளுங்களைப் பார்த்துப் பண்றோம்னு சொல்லாதீங்க. 2009-ல கெவின் ஜோர்கெசன் அந்தத் தாத்தா பாறையில அம்ப்ரோசியாங்கிற வழியைக் கயிறில்லாம ஏறினார். அதுக்கு முன்னாடி அதே வழியில கயிறு கட்டிப் பழகிட்டுத்தான் ஏறினார். வீடியோவுல கடைசி ரெண்டு நிமிஷத்தை மட்டும் நாம பார்க்கிறோம்.

ஆஃபீஸ்ல ரோல்பேக் ப்ளான் இல்லாம வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்ஷன்ல ஒரு வரி மாத்துவோமா? மேனேஜர் தோலை உரிச்சுடுவார். கணுக்காலுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

அதனால இந்த தடவை எக்ஸெலை நான் திருத்தினேன். வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை ரெண்டு நாளும் லீவு. வியாழன் பகல் வெளிச்சத்துல ஓட்டறது. வெள்ளிக்கிழமை பாறையில கையே வைக்கக் கூடாது, வெறும் சுத்திப் பார்க்கிறது. எந்தப் பாறையில எப்படி இறங்கணும்னு நடந்து பார்த்துட்டு வரலாம். 14 பாறையை 5 ஆக்கிட்டேன், உசரமானதெல்லாம் அவுட். மெத்தை குறைஞ்சது அஞ்சு, பத்தலைன்னா ஊர்லயே வாடகைக்குக் கிடைக்கும். தினம் ஒருத்தர் முறை வெச்சு ஏறாம கீழ நிக்கணும். அவர் வேலை மெத்தையை நகர்த்தறது, வண்டிச் சாவியை வெச்சிருக்கிறது, "போதும்"னு சொல்றது. ஆன்-கால் ட்யூட்டி மாதிரி. அவர் சொன்னா மறுபேச்சு கிடையாது.

இதுல எனக்குப் பிடிச்சது அந்த வெள்ளிக்கிழமைதான். ஏறாம இருந்தாலும் அந்த ஊர்ல பார்க்க இருக்கு. ஹாப்பி போல்டர்ஸ் இருக்கிற பீடபூமி மொத்தமும் சுமார் 7,60,000 வருஷத்துக்கு முன்னாடி எரிமலை கக்கின சாம்பல் இறுகி ஆன கல். அந்தப் பக்கத்துப் பாறைகள்ல பழங்குடி மக்களோட முன்னோர் செதுக்கின உருவங்கள் இருக்கு. பையூட் மக்களுக்கு இன்னைக்கும் அது புனிதமான இடம். 2012-ல யாரோ ரம்பம் வெச்சு அறுத்து அதுல சிலதைத் திருடிட்டுப் போனாங்க. அடுத்த வருஷம் கிடைச்சது, ஆனா அறுத்த பாறை அறுத்ததுதானே. அந்த மாதிரிப் பாறையில சாக்பீஸ் கையோட சாயக்கூட கூடாது. தெக்கால ஒரு மணி நேரம் போனா மான்ஸனார். ரெண்டாம் உலகப் போர்ல பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலிக்குள்ள அடைச்சு வெச்சிருந்த இடம். போன தடவை அந்த போர்டைத் தாண்டி ரெண்டு தரம் எண்பது மைல் வேகத்துல போனோம், நிறுத்தலை. டயம் இல்லையாம்.

எதிர்க்கட்சி வாதமும் இருக்கு. கோஷ்டியில ஒருத்தர், "இவ்ளோ பயந்தா எதுக்கு மலைக்குப் போகணும், வீட்டுல கேரம் ஆடலாமே"ன்னார். முழுசாத் தப்புன்னு சொல்ல மாட்டேன். பயம் சுத்தமா இல்லாத ஏத்தத்துல எனக்கும் ருசி இல்லை. ஆனா பாறையைப் பார்த்து வர்ற பயம் வேற, நாலு பேர் முன்னாடி இறங்கிப் போக வர்ற பயம் வேற. ரெண்டாவதைக் குறைக்கத்தான் இந்தத் திருத்தம். ரெண்டு நாள் லீவு போடறது கஷ்டம்னு இன்னொருத்தர் சொல்றார். அது நிஜமான கஷ்டம். அப்படின்னா இந்த ஊரை விட்டுட்டு, ரெண்டு மணி நேரத்துல போற பாறைக்குப் போகலாம்ங்கறது என் கட்சி. ஒரு தடவை முயற்சி பண்ணாம திரும்பினா கூட வயிறு எரியாது.

திருத்தின ஷீட்டை வாட்ஸப்புல அனுப்பி ரெண்டு நாள் ஆச்சு. ஒருத்தர் கட்டை விரல் காட்டியிருக்கார், ரெண்டு பேர் பார்த்துட்டு கம்முனு இருக்காங்க. கால் உடைஞ்சவன் மட்டும் ஃபோன் பண்ணினான். ஆமா, அவனும் வர்றான், பிஸியோதெரபி முடிஞ்சு ஜிம்முக்கும் திரும்பிட்டான். சனிக்கிழமை கீழ நிக்கிற ட்யூட்டி யாருக்குன்னு கேட்டான். எனக்குன்னு சொன்னேன். "சரி, சாவியை பத்திரமா வெச்சுக்கோ"ன்னு வெச்சுட்டான்.

டிஸ்கி: வடக்கு வழியா போறதா இருந்தா செயின் வேணும். 16 இஞ்ச் டயருக்குச் சேர்ற செயின் யார்கிட்டயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க, துடைச்சுத் திருப்பிக் கொடுத்துடறேன்.