ஹெட்லைட் எரியவில்லை, வாரன்டி அட்டையில் சீல் இல்லை!

"முக்கால் ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறோம். விடியுமுன் பூ எடுப்பதற்காகத் தலையில் மாட்டும் சார்ஜ் ஹெட்லைட் நாலு, மதுரை டவுனில் ஒரு கடையில் வாங்கினேன். ஒன்று 750 ரூபாய். ஒரு வருட வாரன்டி, பேட்டரிக்கு மட்டும் ஆறு மாதம் என்று அட்டையில் இருக்கிறது. நாலாவது மாதத்திலேயே ஒன்று எரியவில்லை. கடைக்குப் போனால், 'அண்ணே, அட்டையில கடை சீல் இல்லை, பில்லும் இல்லை. கம்பெனி டெல்லியில இருக்கு, நீங்களே அனுப்பிப் பாருங்க. தொழிலுக்கு யூஸ் பண்ணுனா வாரன்டியும் கிடையாது' என்கிறார். துண்டுச் சீட்டில்தான் கணக்கு எழுதிக் கொடுத்தார், அதுவும் தொலைந்துவிட்டது. பணம் போனில் அனுப்பினேன். பக்கத்து ரேடியோ கடையில் திறந்து பார்க்கச் சொல்லலாமா?"

– அவனியாபுரம் வாசகர்

750 ரூபாய் சமாசாரம்தானே, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று இந்தக் கடிதத்தைத் தள்ளிவிட முடியாது. அவனியாபுரத்துக்குத் தெற்கே பெருங்குடி, வலையங்குளம், எலியார்பத்தி என்று போகப் போக மல்லிகைத் தோட்டங்கள்தான். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி அன்று மாலையே விரிந்துவிடும் என்பதால், நன்கு முற்றிய வெள்ளை மொட்டைச் சூரியன் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். சித்திரையில் பூ கொட்டும்போது இருட்டிலேயே இறங்கினால்தான் மாட்டுத்தாவணிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். இரண்டு கையும் செடியில் இருக்க வேண்டிய வேலை இது. கையில் டார்ச் பிடித்துக்கொண்டு பூ எடுக்க முடியாது. போனை வாயில் கவ்விக்கொண்டு எடுப்பவர்களும் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. செடியின் அடித்தூரில் எது கிடக்கிறது என்று காட்டுவதற்கு அந்த வெளிச்சம் ஒன்றுதான் இருக்கிறது.

ரேடியோ கடைக் கேள்விக்கு முதலில் பதில்: திறக்கவே கூடாது. மூடியில் ஸ்க்ரூ டிரைவர் பட்ட கீறல் தெரிந்தாலே, "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்று கம்பெனி கையை விரித்துவிடும். அனேகமாக எல்லா வாரன்டி அட்டையிலும் அந்த ஒரு வரி இருக்கும். திறக்காமலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன, இந்த வாசகரிடம் அதே மாதிரி லைட் இன்னும் மூன்று இருப்பது நல்ல வசதி. ஓடுகிற லைட்டின் சார்ஜரை எடுத்து, நின்றுபோன லைட்டில் ஒரு ராத்திரி போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு உயிர் வந்தால் கோளாறு சார்ஜரில் இருக்கிறது. சார்ஜ் ஏறும் சின்ன விளக்கு எரிந்தும் லைட் எரியாவிட்டால், தலைப்பகுதியை மேலும் கீழும் மெதுவாகச் சாய்க்க வேண்டும். மினுக்கினால், மடங்கும் இடத்தில் ஒயர் அறுந்திருக்கிறது. இந்த மாதிரி லைட்டுகளில் எல்.இ.டி. பல்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. போவது பெரும்பாலும் அந்தக் கழுத்து ஒயர், அமுக்கு சுவிட்ச், பேட்டரி ஆகியவைதான்.

இது எதற்கென்றால், இவருடைய அட்டையில் இரண்டு கெடு இருக்கிறது. ஒயரோ சுவிட்சோ என்றால் இன்னும் எட்டு மாதம் கையில் உண்டு. பேட்டரி என்றால் இரண்டே மாதம். எது என்று தெரியாத நிலையில் சின்னக் கெடுவையே கணக்கில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

சோதனை செய்யும்போது நாலு லைட்டையும் வரிசையாக வைத்து, மூன்று எரிவதும் ஒன்று எரியாததும் தெரியும்படி போனில் வீடியோ எடுத்துவிடுவது நல்லது. லைட்டின் மேல் அச்சிட்ட எண்ணும், பெட்டியும், வாரன்டி அட்டையும் அதே வீடியோவில் வரட்டும். பெட்டியைக் கிழித்து அடுப்பில் போடாமல் இருந்தால், அதில் இன்னொரு விஷயம் பார்க்கலாம். 'ஐ.பி.எக்ஸ். 4' என்று அச்சிட்டிருந்தால், எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று கம்பெனியே சொல்வதாக அர்த்தம். அப்படிப்பட்ட லைட்டைப் பனியில் நனைந்ததால் கெட்டது என்று தட்டிக்கழிக்க முடியாது. 'ஐ.பி.எக்ஸ். 7' என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும். எந்த எண்ணும் இல்லாவிட்டால், நனைந்த லைட்டுக்கு வாதாடுவது சிரமம்.

இனி கடைக்காரர் சொன்னவற்றுக்கு வருவோம்.

சீல் இல்லை என்பது கடைக்காரர் செய்யாமல் விட்ட வேலை. அவர் விட்டதற்கு வாங்கியவர் பொறுப்பல்ல. பில் இல்லை என்பதும் அப்படித்தான். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது) பில் கொடுக்காமல் விற்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் இல்லாமல் விற்றவர், பில் இல்லை என்று சொல்லித் தப்பிப்பது வேடிக்கை. வாசகர் போனில் பணம் அனுப்பியது இங்கே கை கொடுக்கிறது. கடையின் பெயர், தேதி, நேரம், 3,000 ரூபாய் எல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். போனில் தேடிக் கிடைக்காவிட்டால், வங்கியில் அந்த மாதக் கணக்கு அறிக்கை கேட்டு வாங்கலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்த வழக்கு பாதி செத்திருக்கும். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே சட்டத்தில் குற்றம் சாட்டக்கூடிய நடைமுறைதான். ஆனால், நாலு மாதம் ஆகிவிட்ட இவருக்கு அந்த 30 நாள் உதவாது. இவருக்குப் பிடி வாரன்டிதான்.

"கம்பெனி டெல்லியில் இருக்கிறது" என்பதைக் கேட்டுத்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள். புதிய சட்டம் இதில் ஒரு பெரிய நல்லது செய்திருக்கிறது. புகார் செய்பவர் குடியிருக்கிற, அல்லது தொழில் செய்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லி கம்பெனியானாலும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் வந்து பதில் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, புகார் சொல்வதற்கான தொலைபேசி எண் இவையெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது எடையளவு விதி. அந்த எண்ணுக்கு ஒரு முறை பேசிப் பார்த்து, பேசிய தேதியைக் குறித்துவைப்பது நல்லது. பொருள் ஆன்லைனில் வாங்கியதாக இருந்தால், 2020-ம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சொன்ன 'தொழிலுக்கு யூஸ் பண்ணுனா வாரன்டி கிடையாது' என்பதுதான் விவசாயிகளை அதிகம் மிரட்டும் பேச்சு. அட்டையில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சட்டத்தைப் பொறுத்தவரை, வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மை. ஆனால், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1995-ல், கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்தின் மீது லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் தோற்றது, அவர்கள் செய்தது பெரிய அளவுத் தொழில் என்பதால். ஆனால், பிழைப்புக்காக ஆட்டோவோ லேத்தோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், ஒத்தாசைக்கு ஓரிரு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோர்தான் என்று 2012-ல் தேசிய விதைக் கழக வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. முக்கால் ஏக்கரில் வீட்டாரோடு சேர்ந்து பூ எடுப்பவரை வியாபாரி என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் வழியில்லை.

எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் ஓர் எல்லை உண்டு. 2006-ல், கிளட்ச் கோளாறான ஒரு காரின் வழக்கில், வாரன்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்லியிருக்கிறது, வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அட்டையில் 'பழுது நீக்கம் அல்லது மாற்று' என்றிருந்தால், கம்பெனி ஒயரை மாற்றிக் கொடுத்தாலே அதன் கடமை முடிந்தது. டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். முன் விளக்கு எரியவில்லை என்றால் உள்ளே இருக்கும் பல்பு வேறு, விளக்குக் கூடு வேறு. பல்பு, ஃபியூஸ் போன்றவற்றைத் தேய்மானப் பொருள் என்று வாரன்டியிலிருந்து கழித்திருப்பார்கள். சேவைப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் ஷோரூமில் சண்டை போட்டுப் பயனில்லை.

அவனியாபுரம் வாசகர் இப்போது செய்ய வேண்டியது, ஒரு பக்கக் கடிதம். வாய்ப் பேச்சு காற்றில் போய்விடும். இந்த அளவு எழுதினால் போதும்:

"தங்கள் கடையில் இன்ன தேதியில் இன்ன கம்பெனி சார்ஜ் ஹெட்லைட் நான்கு வாங்கி, 3,000 ரூபாய் போன் மூலம் செலுத்தினேன். அதில் இன்ன எண்ணுள்ள லைட் இன்ன தேதி முதல் எரியவில்லை. வாரன்டி நடப்பில் உள்ளது. லைட் திறக்கப்படவில்லை. 15 நாளுக்குள் பழுது நீக்கியோ, மாற்றியோ தர வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

கடைக்கு ஒன்று, பெட்டியில் உள்ள கம்பெனி முகவரிக்கு ஒன்று. இரண்டையும் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலும் ரசீதும் வைத்துக்கொள்ள வேண்டும். லைட்டை நேரில் ஒப்படைத்தால், தேதியும் எண்ணும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் விட்டுவரக் கூடாது. கடிதத்தைப் பார்த்ததும் இறங்கி வருகிற கடைக்காரர்கள் உண்டு.

அசையாவிட்டால் அடுத்தது 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனிக்கே புகாரை அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள். தண்டிக்கிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் செலவும் இல்லை. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் தானே போய் வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஒரு லைட்டுக்காக வாய்தாவுக்கு அலைவதா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் கடிதத்தையும் 1915-ஐயும் ஒழுங்காகச் செய்ய வேண்டும், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடக்கூடும்.

மீதி மூன்று லைட்டின் அட்டைகளிலும் சீல் இருக்காது. போகிற போக்கில் அவற்றுக்கும் கடையில் சீல் கேட்டுப் பார்க்கலாம். பருவம் முடிந்து கவாத்து செய்த பிறகு லைட்டுகளை அப்படியே பரணில் போட்டுவிடுவதும் பேட்டரியைக் கொல்லும். ஈயப் பேட்டரி உள்ளதாக இருந்தால் மாதம் ஒரு முறையாவது முழுக்க சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும்.

புது லைட் வரும் வரை, மூன்று லைட்டில் நாலு பேர் இருட்டில் இறங்க வேண்டாம். நாலாவது ஆள் வெளுத்த பிறகு கடைசிப் பாத்திகளை எடுக்கட்டும். அந்தப் பூ தாமதமாக மார்க்கெட்டுக்குப் போய் விலை குறைந்தால், பூக்கடையில் தரும் எடைச் சீட்டுகளைத் தேதி வாரியாகக் கடித நகலோடு ஒரே உறையில் போட்டு வைக்க வேண்டும். வழக்கு ஆணையம் வரை போனால், லைட்டின் விலையோடு அந்த இழப்பையும் சேர்த்துக் கேட்கலாம்.