அம்மாவுக்கு ஒரு ரேடியோ பெட்டி வாங்கித் தரலாமா?

பெங்களூரில் பொட்டி தட்டும் நம் மக்களுக்கு இப்போது ஒரு புது மோகம் பிடித்திருக்கிறது. மெஷ்டாஸ்டிக். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரேடியோ, குட்டியாக ஒரு ஆன்டெனா, ஒரு பேட்டரி. சிம் வேண்டாம், டவர் வேண்டாம், மாசாமாசம் ரீசார்ஜ் வேண்டாம். போனோடு ப்ளூடூத்தில் இணைத்துவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பலாம். எங்கள் அபார்ட்மெண்டிலேயே மூன்று பேர் வாங்கியாச்சு.

அதில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா அடுத்த வெள்ளத்துல நிம்மதிதானே சார்?"

ஒன்று வாங்கிக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி. பத்து வாங்கினால் பேசலாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அந்தக் கவலையை நான் கிண்டல் பண்ணவில்லை. 2015 டிசம்பர் 1 ராத்திரி முடிச்சூரிலிருந்து அப்பா கடைசியாகப் பேசினார். "தண்ணி வாசப்படிக்கு வந்தாச்சு, கரண்ட் போயிடுச்சு." அவ்வளவுதான். அன்றைக்கு ஒரே நாளில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். அதற்கப்புறம் இரண்டு நாள் ஒரு நம்பரும் போகவில்லை. ரயில் ரத்து, விமான நிலையம் மூடியாச்சு. 350 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு நானும் தங்கமணியும் மாற்றி மாற்றி ரீடயல் அழுத்திக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுப் பையன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, எல்லாரும் மாடியில இருக்காங்க, பயப்படாதீங்க."

டவர் ஏன் சாகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர். ரோடு முங்கினால் டீசல் வராது. ஃபைபர் கேபிள் அறுந்தால் டவர் உயிரோடு இருந்தும் பயனில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவிலும் இதே கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் மறுபடியும்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். உள்ளே இருக்கும் நுட்பத்துக்கு லோரா என்று பெயர். சைக்ளியோ என்ற பிரெஞ்சு நிறுவனம் உருவாக்கியது. 2012இல் அமெரிக்காவின் செம்டெக் அதை வாங்கிவிட்டது. இதன் மேல் ஓடும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளை 2020இல் கெவின் ஹெஸ்டர் என்பவர் தொடங்கினார். இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது. சூட்சுமம் எளிது. வேகத்தைத் தியாகம் பண்ணி தூரத்தைச் சம்பாதிக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் நொடிக்கு ஒரு கிலோபிட் சொச்சம்தான். குரல் போகாது, போட்டோ போகாது. எழுத்து மட்டும். ஒரு பெட்டி அனுப்புவதைப் பக்கத்துப் பெட்டி கேட்டுத் திருப்பிச் சொல்லும், அதை அடுத்தது சொல்லும். சாதாரணமாக மூன்று தாவல், அதிகபட்சம் ஏழு. அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் செய்த வேலைதான் :-)

சிக்கல் இங்கேதான். திருப்பிச் சொல்ல ஆள் வேண்டும். மலை உச்சியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் எட்டிய சாதனை இருக்கிறது, உண்மை. ஆனால் உங்கள் அம்மா இருப்பது மலை உச்சியில் இல்லை, கான்கிரீட் காட்டுக்கு நடுவே ஒரு தரைத்தளத்தில். அங்கே ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். ஆக அம்மா கையில் ஒரு பெட்டி, கூப்பிடு தூரத்தில் இன்னொன்று இல்லை என்றால் அது பேப்பர் வெயிட். அதுவே தெருவில் நான்கு வீட்டு மொட்டை மாடியில் சோலார் தகட்டோடு நான்கு பெட்டி, தாம்பரம் பக்கம் உயரமான கட்டடம் ஒன்றில் இன்னொன்று, அந்தக் கடைசிப் பெட்டிக்கு மட்டும் இணைய இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முடிச்சூர் மாடியிலிருந்து பெங்களூர் வரைக்கும் செய்தி வரும்.

இன்னொரு சமாச்சாரம், நம் மொழிக்கே உரியது. ஒரு செய்திக்கு இடம் கிட்டத்தட்ட இருநூறு பைட்தான். யூனிகோடில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனிக் கணக்கு, 'மா' என்றாலே ஆறு. "நலம். மாடியில் இருக்கிறோம்" என்று தமிழில் அடித்தால் 72 பைட். அதையே ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாக அடித்தால் 25. தமிழில் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை, வெள்ளத்துக்கு முன்பே சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி போனில் சேமித்து வையுங்கள் என்கிறேன். பதற்றத்தில் எழுபது வயசுக்காரர் டைப் அடித்துக்கொண்டிருக்க முடியாது.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005இல் அனுமதி வந்தது, 2021இல் 868 வரை நீட்டினார்கள். பெட்டி வெளியிடும் சக்தி ஒரு வாட்டுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து மச்சான் வாங்கி வரும் பெட்டி 902 முதல் 928 வரையிலான அலைவரிசைக்கானது. நம் ஊரில் 915 வரைக்கும் மொபைல் போன்கள் டவரோடு பேசும் பாதை. பெட்டியை அப்படியே போட்டால் பேரிடர் நேரத்தில் மிச்சம் மீதி இருக்கும் டவருக்கும் நீங்களே இடைஞ்சல். இங்கே விற்கும் 865 ரகத்தை வாங்குங்கள், அமைப்பில் 'இந்தியா' என்று தேர்ந்தெடுங்கள். சாட்டிலைட் போன் வேறு ரகம். அதை அனுமதி இல்லாமல் கொண்டுவந்து ஏர்போர்ட்டில் மாட்டியவர்கள் உண்டு.

கருவியை விட ஆள் முக்கியம் என்று நான் சொல்வதற்கு 2004ஐப் பாருங்கள். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், சுனாமி வந்த டிசம்பர் 26 அன்று தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தார். ஹாம் ரேடியோ நிலையம் போட்டு உலகத்தோடு பேசுவதற்காகப் போயிருந்தார். அந்தமானில் தொடர்புகள் அறுந்தபோது அந்த நிலையமே உயிர்நாடி ஆனது. அவர் பயன்படுத்திய சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் தாண்டிப் பிரதான நிலத்துக்கு வரும். லோராவுக்கு அந்தத் திறமை கிடையாது. ஆனால் அன்றைக்கு வேலை செய்தது சிற்றலை மட்டுமா? லைசென்ஸ் வாங்கி, வருஷக்கணக்கில் பழகி, மைக் முன்னால் பதறாமல் பேசத் தெரிந்த ஒரு மனுஷி அங்கே இருந்தார். மறுமுனையில் கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

நம் பக்கம் அந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஊரை விட்டு வந்து பதினைந்து வருஷம் ஆன நமக்குத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. தினமும் வீடியோ காலில் அம்மா முகத்தைப் பார்ப்பதால் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். டவர் விழுந்த நிமிஷத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் எதிர்வீட்டுக்காரர்தான், நாம் இல்லை. அவர் நம்பர் எத்தனை பேர் போனில் இருக்கிறது?

அதனால் என் யோசனை இது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அம்மாவுக்கு மட்டும் ஒன்று வாங்கும் காசை ஒரே தெருவிலிருந்து வந்த நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போடுங்கள். குடியிருப்போர் சங்கத்திடம் மொட்டை மாடி கேளுங்கள். ஊரிலேயே இருக்கப்போகும் ஒரு கல்லூரிப் பெண்ணோ பையனோ பொறுப்பெடுக்கட்டும், அதற்கு மாதம் ஏதாவது கொடுங்கள், ஓசியில் வேலை வாங்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை எல்லாப் பெட்டியும் ஒரு 'நலம்' சொல்லிப் பார்க்கட்டும். பயன்படுத்தாத பெட்டி வெள்ளத்தன்று வேலை செய்யாது.

இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. பெங்களூரில் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹாம்ஸ் மாதிரி அமைப்புகள் ஹாம் தேர்வுக்குப் பயிற்சி தருகின்றன. பன்னிரண்டு வயதிலிருந்தே எழுதலாம். கோடை விடுமுறைக்கு இன்னொரு கோடிங் கிளாஸை விட இது எவ்வளவோ தேவலை.

"நாலு நாள் கஷ்டத்துக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று கேட்பவர்கள், அந்த நாலு நாள் ரீடயல் அழுத்திப் பார்க்காதவர்கள்.

பின்குறிப்பு: பெட்டி வந்த குஷியில் ஆன்டெனா மாட்டாமல் ஆன் பண்ணிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரேடியோ கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. முதலில் ஆன்டெனா, அப்புறம்தான் பேட்டரி.