முதலில் நகல், பிறகே பார்மேட்!

திருப்பூர் மாவட்டத்து மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குப் பருத்தி மூட்டைகள் ஏலத்திற்கு வருகின்றன. அத்தகைய மூட்டைகள் அடுக்கிய ஒரு கிடங்கைக் கற்பனை செய்து பாருங்கள். எந்த வரிசையில் யாருடைய மூட்டை என்பதை ஒரு பேரேடு சொல்லும். பேரேட்டைக் கிழித்துவிட்டால்? மூட்டைகள் அங்கேதான் இருக்கும். ஆனால் கிடங்கு காலி என்று கருதி, பழையவற்றை அப்புறப்படுத்திப் புதுச் சரக்கை இறக்கிவிடுவார்கள்.

கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க்கில் 'விரைவு பார்மேட்' செய்யும்போது நடப்பதும் ஏறத்தாழ இதுவே. கோப்புகளின் இருப்பிடத்தைக் காட்டும் அட்டவணைதான் புதிதாக எழுதப்படுகிறது. பழைய தகவல், வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை அங்கேயே இருக்கிறது. முழு பார்மேட் அப்படியன்று. விண்டோஸ் விஸ்டா (2007) முதல், அது வட்டு முழுவதும் சுழியை எழுதிவிடுகிறது. பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது.

"கணிப்பொறி மெதுவாக ஓடுகிறதா? பார்மேட் செய்!" என்பது பலர் சொல்லும் வைத்தியம். நோயை அறியாமல் தரும் இம்மருந்து தவறு என்பேன். இடம் நிரம்பியிருக்கலாம், பஞ்சுத் தூசி மிகுந்த ஊர்களில் மின்விசிறி அடைபட்டுக் கணிப்பொறி சூடேறியிருக்கலாம். முதலில் அவற்றைப் பாருங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று புதிய ஓசை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மேலும் ஓட்டினால் சேதம் பெருகும்.

"அழிந்தாலும் மீட்க மென்பொருள் இருக்கிறதே!" என்பர் சிலர். இருக்கிறது, பலன் உறுதியில்லை. எஸ்.எஸ்.டி. வகையில் வாய்ப்பு இன்னும் குறைவு. உறுதியான வழி நகல் ஒன்றுதான்.

இது கணிப்பொறிக்கு மட்டும் உரிய பாடமன்று. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த அச்சு நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. வேறு பிரதியே இல்லாத ஓலைச்சுவடிகள் திரும்பவே இல்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, பார்மேட் செய்யுமுன் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். நகலெடுத்தால் மட்டும் போதாது. சிலவற்றைத் திறந்து, சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். பழுதான டிஸ்க்குக்குப் பதில் வேறொன்றைக் கடையில் வாங்கலாம். தாத்தாவின் புகைப்படத்தையும், அண்ணன் மாதக்கணக்கில் வரைந்த பனியன் டிசைனையும் எந்தக் கடையில் வாங்குவது?