நான் அரும்பா, மொட்டா?

2025 நவம்பர் 15, சனிக்கிழமை காலை. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் மூன்றாவது மாடி. ஆசிரியர் தகுதித் தேர்வு, முதல் தாள். அறை வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் என் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "டீச்சர், இங்க உங்களுக்கு சூப்பர்விஷனா?"

திரும்பினேன். 2009-இல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண். கையில் ஹால் டிக்கெட், கறுப்பு பால்பாயிண்ட் பேனா. "இல்லம்மா, எழுதத்தான் வந்தேன்" என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தவித்தாள். பிறகு, "கணக்கு ஈஸியாத்தான் இருக்கும் டீச்சர், பயப்படாதீங்க" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். ஏழாம் வாய்ப்பாடு வரும் நாளில் வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போகிறவள் அவள்.

எனக்கு 48 வயது. 2005-இல் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி, மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இருக்கிறேன். அன்று அரசு கேட்ட தகுதி பிளஸ் டூவும் இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயமும். இரண்டும் என்னிடம் இருந்தன. தகுதித் தேர்வு என்ற பேச்சே அப்போது இல்லை. 2010 ஆகஸ்ட் 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதைக் கட்டாயமாக்கியபோதும், முன்பே முறைப்படி நியமிக்கப்பட்டவர்களுக்கு அந்த அறிவிக்கையிலேயே விலக்கு இருந்தது. அதை நம்பிப் பதினைந்து வருடம் ஓட்டினோம்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைத் தள்ளிவிட்டது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்குள் இருப்பவர்கள் தேர்வு எழுதாமலே வேலையில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. மற்றவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுப் பணி மிச்சம்.

தேர்வே கூடாது என்று சங்கக் கூட்டங்களில் பேசுகிறார்கள். என்னால் அப்படிப் பேச முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வருடக்கணக்கில் பாடம் நடத்திய ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் படித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் போய்த் தடுமாறுவதையும் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு ஊசி போடுகிறவருக்கு உரிய பதிவு இருக்கிறதா என்று பார்க்கும் நான், ஊரார் பிள்ளைக்குப் பாடம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கக்கூடாது என்றால் அது நியாயமாகாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தேர்வுக்காக இரண்டு மாதம் ராத்திரியில் படித்தபோது, 'குழந்தை மேம்பாடும் கற்பித்தலும்' பகுதியில் கற்றல் குறைபாடு பற்றிய பக்கங்கள் வந்தன. வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பெண். வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் வரும், புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டக்கூட வராது. சோம்பேறி என்று அவளை எத்தனை நாள் நிற்க வைத்திருக்கிறேன். பயிற்சிப் பள்ளியில் இதையெல்லாம் படித்தோமா, படித்து மறந்தேனா, தெரியவில்லை. அன்று ராத்திரி அதற்கு மேல் படிப்பு ஓடவில்லை.

ஆக, படிக்கச் சொன்னது சரி. ஆனால் என்னை அளக்க எடுத்து வந்த கோல் எது என்பதில்தான் எனக்குச் சண்டை.

150 கேள்வி, மூன்று மணி நேரம். குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் முப்பது. கோல்பர்க் ஒழுக்க வளர்ச்சியை எத்தனை நிலையாகப் பிரித்தார் என்று தெரிந்தால் ஒரு மதிப்பெண். என் வகுப்பில் ஓர் இருளர் வீட்டுப் பையன் இருக்கிறான். பொங்கலுக்குப் பிறகு அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போனால் ஜூன் மாதம் கழித்துத்தான் திரும்புவான். வரும்போது பாதி எழுத்து மறந்திருக்கும். ஆனால் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்றால் மூவாயிரத்து ஐந்நூறு கல்லுக்கு எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்வான். அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டே பெருக்கலையும் வகுத்தலையும் கரும்பலகைக்குக் கொண்டுவந்தேன். இதைக் குறிக்க ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் இல்லை.

தாள் எதை அளக்கிறது என்பதற்கு 2012-ஐ விட நல்ல சாட்சி கிடையாது. அந்த ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். 2,500 பேர்கூடத் தேறவில்லை. ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று கூச்சல் எழுந்தது. அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து, தேறாதவர்களுக்கு மறுபடி நடத்தினார்கள். ஏறத்தாழ 19,000 பேர் தேறினார்கள். மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்தும் திறமை முளைத்துவிட்டதா என்ன? கடிகாரத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

வழக்கறிஞர்களுக்கும் அகில இந்திய பார் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அது செல்லும் என்று 2023-இல் இதே உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. ஆனால் 2009-10 கல்வியாண்டிலிருந்து சட்டப் படிப்பை முடித்தவர்களுக்குத்தான் அந்தத் தேர்வு. அதற்கு முன் கறுப்புக் கோட்டு போட்டவர்களைக் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு வந்து எழுதுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீதிமன்ற வளாகம் எப்படி இருந்திருக்கும் என்று தேர்வறையில், முப்பதாவது கேள்விக்குப் பக்கத்தில், நினைத்துப் பார்த்தேன். நேரம் வீணாயிற்று.

என் மாணவிக்கு வேறு கணக்கு இருக்கிறது. என்னைப் போல ஆயிரம் பேர் தேறாமல் போனால் ஆயிரம் இடம் காலி. அவள் அப்படி நினைக்கிறவள் அல்ல, நினைத்தாலும் தப்பில்லை. ஏனென்றால் வாசலில் நிற்பவர்களை அரசு நடத்தும் விதம் இன்னும் மோசம். தகுதித் தேர்வில் தேறினால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. 2018 அரசாணைக்குப் பிறகு அதற்கு மேல் ஒரு நியமனத் தேர்வும் எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. 2013-இல் தேறியும் வேலை கிடைக்காதவர்கள் பதினோரு வருடம் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் காத்தார்கள். தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அரசே, அது போதுமா என்று இரண்டாம் முறை கேட்கிறது. உள்ளே இருக்கும் என்னிடமோ இருபது வருடம் எதுவுமே கேட்கவில்லை.

நிஜமாகவே கேட்கவில்லை. ஆண்டாய்வுக்கு அதிகாரிகள் வருவார்கள். வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, கழிப்பறை, சத்துணவு இருப்பு, எமிஸ் பதிவு எல்லாம் பார்ப்பார்கள். ஒரே ஒருவர், எட்டு வருடத்துக்கு முன்பு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் என் வகுப்பைக் கவனித்தார். கடைசி வரிசையில் இருப்பவர்களிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று போகும்போது சொன்னார். உண்மை. மறுநாள் இருக்கையை வட்டமாக மாற்றினேன், இன்றுவரை அப்படித்தான். என் பணிக்காலத்தில் என் தகுதியை யாராவது சோதித்தார்கள் என்றால் அந்த நாற்பது நிமிடம்தான்.

அதை முறையாகச் செய்யுங்கள் என்கிறேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எங்கள் ஒன்றியத்தைச் சேராத இருவர் வரட்டும். மூன்று நாள் வகுப்பில் உட்காரட்டும், வாசிக்கத் திணறும் பிள்ளையோடு நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கட்டும். குறை இருந்தால் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்துக்கு அனுப்பி, மறுபடி வந்து பார்க்கட்டும். அப்போதும் தேறாதவரை அனுப்பிவிடுங்கள், நான் கொடி பிடிக்க வரமாட்டேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தகுதித் தேர்வை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் ஒரே தேர்வாக, வருடா வருடம் வையுங்கள். செலவாகும், ஆள் வேண்டும் என்பார்கள். ஓ.எம்.ஆர். தாளைத் திருத்த இயந்திரம் போதும் என்பது உண்மைதான்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று: இதே அரசு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தபோது எங்களைக் கூப்பிட்டு என்ன சொல்லிக்கொடுத்தது? எல்லாப் பிள்ளையும் ஒரே இடத்தில் இல்லை, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அங்கிருந்து தொடங்குங்கள் என்றது. நல்ல பாடம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொருந்துவது 48 வயது டீச்சருக்கு ஏன் பொருந்தாமல் போயிற்று?

தேர்வு முடிந்து படியிறங்கும்போது என் பழைய மாணவி எனக்காகக் காத்திருந்தாள். "எப்படி எழுதினீங்க டீச்சர்?" என்றாள். "ஆங்கிலம் கொஞ்சம் இழுத்துடுச்சு" என்றேன். வாசல் டீக்கடையில் காசு கொடுக்க என்னை விடவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். சூளைக்காரப் பையன் இன்னும் அரும்பில்தான் இருக்கிறான். பொங்கல் கழிந்தால் லாரி வந்துவிடும். அதற்குள் அவனை மொட்டுக்காவது ஏற்றியாக வேண்டும், எட்டு வாரம் இருக்கிறது.