பழைய ஆயில் யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை என் காருக்கு நானே இன்ஜின் ஆயில் மாற்றினேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து (வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ப்ளீஸ்), அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் கறுப்பாகக் கொட்டுகிறது. வடிந்ததும் புது வாஷரோடு போல்ட்டை மாட்டி, ஃபில்டரை மாற்றி, காரோடு தந்த புத்தகத்தில் சொல்லியிருக்கும் கிரேடு ஆயிலை ஊற்றி, டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்தால் வேலை முடிந்தது.

பெருமையாக நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. பேசினில் மூன்றரை லிட்டர் பழைய ஆயில். இதை என்ன செய்வது?

மாடி வீட்டு நண்பர் சொன்னார்: "அதோ வடிகால் இருக்கே சார், ஊத்திட்டுப் போங்க." வாட்ச்மேன் சொன்னார்: "செவுத்தோரமா ஊத்துங்க சார், கரையான் அண்டாது." புது ஆயில் விற்ற கடைக்காரருக்கு போன் போட்டேன். "நாங்க விக்கிறதோட சரி சார்!"

முதல் இரண்டும் அறியாமை. மூன்றாவதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது.

சென்னையில் தெருவோர மழைநீர் வடிகால் எங்கே போகிறது? கூவத்துக்கு, அடையாற்றுக்கு, பக்கிங்ஹாம் கால்வாய்க்கு, கடைசியில் கடலுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்களின் படகும் வலையும் கறுத்ததை டி.வி.யில் பார்த்துக் கொதித்தோமே, நினைவிருக்கிறதா? அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதே தண்ணீரில் சத்தமில்லாமல் மூன்றரை லிட்டர் ஊற்றுகிறவரை என்ன சொல்வது? ஒரு தடவை மாற்றும் ஆயில் 10 லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கிறது. லிட்டரில் சொன்னால் சுமார் 38 லட்சம்!

'இதுக்குத்தான் மெக்கானிக்கிட்ட விடணும்கிறது' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அங்கே பீப்பாயில் சேரும் ஆயில் யாரிடம் போகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுகிறார்கள். உலையில் எரிக்கிறார்கள். உங்கள் கையில் அழுக்குப் படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனைக்கும் ஆயில் செத்துப்போவதில்லை. அதில் கரியும் உலோகத் துகளும் சேர்கின்றன; கலந்திருக்கும் ரசாயனங்கள் சத்திழக்கின்றன. முறையாகச் சுத்திகரித்தால் மறுபடி ஆயிலாக்கலாம். சட்டமும் இருக்கிறது. பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உண்டு என்று 2023-ல் விதியைத் திருத்தினார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அந்தப் பொறுப்பு என் தெருக் கடை வரைக்கும் ஏன் வந்து சேரவில்லை?

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கார் பேட்டரி வாங்கப் போனால் கடைக்காரரே "பழசு இருக்கா சார்?" என்று கேட்கிறார், விலையில் கழித்துக்கொள்கிறார். அதனால் பழைய பேட்டரியை யாரும் வடிகாலில் போடுவதில்லை. ஆயிலுக்கும் இதையே செய்ய என்ன தடை? டப்பா விலையோடு ஒரு தொகை முன்பணமாக வாங்குங்கள்; பழைய ஆயிலோடு வந்தால் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் பாருங்கள், ஒரு சொட்டு கீழே சிந்தாது.

அதுவரை? பழைய ஆயிலைக் காலி டப்பாவில் ஊற்றி இறுக மூடுங்கள். தண்ணீர், பெட்ரோல் எதையும் கலக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கும் சர்வீஸ் நிலையமாக விசாரித்துக் கொடுங்கள். அப்படியே ஆயில் விற்ற கடைக்கும் போய், "பழசை எப்ப வாங்கிக்கப் போறீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் மூன்றரை லிட்டர் இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது.