நாவின் வசப்பட்ட நஃப்ஸ்



மதுவின் தீமையையும் புகையிலையின் கேட்டையும் ஜும்ஆ மேடைகளில் பேசுகிறோம், பிள்ளைகளை எச்சரிக்கிறோம். ஆனால், ஹலாலான உணவுக்கும் ஒருவர் அடிமையாக முடியுமா என்று யாரேனும் வினவினால், சிரித்துவிட்டு அடுத்த சமோசாவை எடுத்துக்கொள்கிறோம். விலக்கப்படாத பொருளில் என்ன வினை இருந்துவிடப் போகிறது என்பது நம் எண்ணம்.

இப்பகுதிக்கு வந்த ஒரு தாயின் கடிதம் இவ்விஷயத்தை எழுதத் தூண்டியது. பதினாறு வயது மகள், வீட்டார் உறங்கியபின் பிஸ்கட் பொட்டலங்களை எடுத்துச் சென்று தனியே தின்கிறாளாம். காலையில் தலையணைக்கு அடியில் காலி உறைகள். வாப்பா ஏசினால் அழுகிறாள். இனி இல்லை என்கிறாள். மூன்றாம் நாள் மீண்டும் அதே கதை. "இது பேராசையா, நோயா? என் பிள்ளையின் ஈமானில் குறைவா?" என்று அத்தாய் கேட்டிருக்கிறார்.

அறிஞர்களும் இவ்வினாவை ஆராய்ந்திருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், உணவு அடிமைத்தனத்தை அளப்பதற்கென ஒரு வினாத்தாள் உருவாக்கப்பட்டது. எண்ணியதைவிட மிகுதியாக உண்கிறீரா, விட முயன்று தோற்றீரா, தீங்கு என்று தெரிந்தும் தொடர்கிறீரா என்று அது கேட்கிறது. மது அடிமையிடம் கேட்கப்படும் வினாக்களும் ஏறக்குறைய இவையே. எனினும் 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 'உணவு அடிமைத்தனம்' எனத் தனி நோய் சேர்க்கப்படவில்லை. கட்டுப்பாடிழந்து பெருமளவு உண்ணும் கோளாறு மட்டும் அதில் இடம்பெற்றுள்ளது. மறைந்து உண்பதும் உண்டபின் வெட்கி அழுவதும் அக்கோளாற்றில் காணப்படுபவை. ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் கூறுவது: மகளை ஏசுவதை நிறுத்தி, ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஈமானை அளக்கும் தராசு பிஸ்கட் உறையன்று.

மன உறுதி இல்லாதவர்தாம் மிகுதியாக உண்கிறார்கள் என்ற கருத்தை 2019இல் வெளியான ஓர் ஆய்வு அசைத்துவிட்டது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் தயாராகும் உணவையும், இரண்டு வாரம் இயல்பான பொருள்களால் சமைத்த உணவையும் அளித்தார்கள். பரிமாறப்பட்ட உணவுகளில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, கலோரி ஆகியன இரண்டிலும் நிகராக இருக்குமாறு பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய மட்டும் உண்ணலாம் என்பதே விதி. ஆலை உணவு கிடைத்த நாள்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகம் உண்டார்கள்; இரண்டே வாரத்தில் சராசரியாக 900 கிராம் எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தார்கள். மனிதர் மாறவில்லை, தட்டில் இருந்தது மாறியது. நம் வீட்டு அலமாரியில் அடுக்கியிருப்பது எது என்பதை இங்கே சிந்திக்க வேண்டும்.

இப்பழக்கம் உடல் எடையோடு நிற்பதில்லை. கோரைப் பாயின் ஓரத்தில் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். அந்த ஓரம் தேய்ந்துவிட்டால் கோரைகள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கும். நம் உயிரணுக்களில் இருக்கும் குரோமோசோம்களின் நுனிகளிலும் இத்தகைய ஓரக்கட்டு உண்டு. அதற்கு டெலோமியர் என்று பெயர். அது காக்கப்படும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2009இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயிரணு பிரிந்து பெருகுந்தோறும் இவ்வோரம் சிறிது சிறிதாகத் தேய்கிறது. மிகவும் தேய்ந்தபின் உயிரணு பெருகும் ஆற்றலை இழக்கிறது. முதுமையின் காரணங்களுள் இதுவும் ஒன்று.

2014இல் சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 5,309 அமெரிக்கர்களின் டெலோமியர் அளவை, அவர்கள் அருந்தும் பானங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாள்தோறும் 20 அவுன்ஸ் இனிப்புச் சோடா அருந்துவது, 4.6 ஆண்டு கூடுதல் முதுமைக்கு ஒப்பான தேய்வோடு தொடர்புடையது என்று கண்டார்கள். புகைப்பதன் விளைவோடு ஒப்பிடத்தக்க அளவு இது. 20 அவுன்ஸ் என்பது நம் கடைகளில் விற்கும் 600 மில்லி பாட்டிலுக்கு நிகர். பிரியாணியோடு கறுப்புப் பானம் வைக்காவிட்டால் விருந்தே இல்லை என்று ஆகிவிட்டதே, அதைத்தான் சொல்கிறேன்! ஒரே சமயத்தில் அளந்து கண்ட தொடர்பு இது. சோடாவே தேய்வுக்குக் காரணம் என்று இதனால் மட்டும் நிலைநாட்டிவிட முடியாது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கூறுகிறது. எச்சரிக்கைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை மத்ரஸாவின் சிறு பிள்ளையும் ஒப்புவிக்கும். திர்மிதியில் பதிவான அந்த ஹதீஸை முழுமையாக ஓதுவோர் குறைவு. முதுகை நிமிர்த்தி நிறுத்தச் சில கவளங்களே போதும் என்றுதான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் கூறுகிறார்கள். அதற்குமேல் உண்டுதான் ஆகவேண்டும் என்பவருக்கே மூன்றில் ஒன்று. நாமோ சலுகையைத் தொடக்கமாக்கிக் கொண்டோம், அதையும் தாண்டிவிட்டோம்.

நோன்பின் சிறப்புக்காக 2016இல் ஜப்பானியர் ஒருவருக்கு நோபல் பரிசு தரப்பட்டதாக ஒரு செய்தி ரமலான் தோறும் கைப்பேசிகளில் சுற்றுகிறது. அது சரியன்று. ஒஸுமி என்னும் அவ்வறிஞர், உயிரணு தன் கழிவைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையைப் பட்டினியிட்ட ஈஸ்ட் நுண்ணுயிரில் ஆராய்ந்தார். மனிதரின் நோன்பு அவருடைய ஆய்வுப் பொருளன்று. அல்லாஹ் கடமையாக்கிய நோன்புக்கு இத்தகைய சான்றிதழ் எதற்கு? பகலெல்லாம் பசித்திருந்து, மஃக்ரிபுக்குப்பின் வடை, பஜ்ஜி, சர்பத் என்று நள்ளிரவு வரை தின்றுவிட்டு அச்செய்தியைப் பிறருக்கு அனுப்புவது வேடிக்கைதான்.

இல்லத்தரசிகளே, ரமலான் சாமான் பட்டியலில் சர்பத் பாட்டிலையும் பொட்டலத் தின்பண்டங்களையும் இம்முறை எழுதாமல் விட்டுப்பாருங்கள். வீட்டில் இல்லாத பொருளோடு எந்தப் பிள்ளையும் நள்ளிரவில் போராட வேண்டியதில்லை. பேரீத்தம்பழமும் தண்ணீரும், பாசிப்பருப்பும் வெந்தயமும் இட்ட கஞ்சியும் ஸஹனில் இருக்கட்டும். எல்லாரும் சேர்ந்து அமருங்கள். யார் எத்தனை எடுத்தார் என்று எண்ணாதீர்கள். நீரிழிவு உள்ள பெரியவர்கள் நோன்பு தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்து வேளையை எவ்வாறு மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளட்டும்.